நிழலில் உலர்ந்த இலை

வா கண்ணு, இப்படிப் பக்கத்தில் வந்து உட்கார். அந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, ஆடும், ஆனால் கீழே தள்ளாது. உன்னை ‘நீ’ என்று கூப்பிடுவதில் உனக்கு வருத்தமில்லையே? போலீஸ் சீருடை போட்டிருந்தாலும் என் மகளைவிடச் சில வயதுதான் நீ மூத்தவளாக இருப்பாய். நான் சொல்வதை நீ வாக்குமூலம் என்று எழுதிக்கொள். எனக்குக் கதையாகத்தான் சொல்ல வரும். நான் வேலை பார்த்த மூலிகை ஆய்வுக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு வேளையில் டப்பாவைத் தூக்கிக்கொண்டு என்னைச் சுற்றி வந்து உட்காராத ஆள் கிடையாது. உனக்கும் ஒரு நல்ல கதை சொல்கிறேன். ஒன்றையும் ஒளிக்க மாட்டேன்.

முதலில் ஒரு விஷயம், உன் வீட்டுக்கும் உதவும். மருந்து இலையை வெயிலில் காயவைக்கக் கூடாது. வெயில் இலையை உலர்த்தாது, சுட்டுவிடும். நிழலில், காற்று ஓடுகிற இடத்தில், ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்பி, அவ்வப்போது புரட்டிவிட வேண்டும். அவசரப்பட்டால் இலைக்குள் இருக்கிற நல்லதெல்லாம் ஓடிப்போகும். உலர்ந்த பிறகும் பச்சை மாறாமல் இருக்க வேண்டும், விரலில் வைத்து நசுக்கினால் அப்பளம் மாதிரிச் சத்தம் போட வேண்டும். கெட்டிக்காரத்தனம் ஒன்றும் வேண்டாம், பொறுமை போதும். அது எனக்கு நிறையவே உண்டு.

அந்த இடத்துக்கு நான் கண்ணாடிச் சாமான் கழுவத்தான் போனேன். எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும், அவ்வளவுதான். மற்றதெல்லாம் கண் பார்த்துக் கை கற்றுக்கொண்டது. அங்கே தலைமையாக இருந்த டாக்டரம்மா நல்ல மனுஷி. என் கை நடுங்காது என்பதைக் கவனித்துவிட்டு, கழுவுகிற தொட்டியிலிருந்து என்னைத் தட்டு வைக்கிற மேசைக்கு மாற்றினார்.

தட்டு என்றால் சாப்பாட்டுத் தட்டு இல்லை. வெள்ளைப் பூச்சு பூசிய சின்னக் கண்ணாடித் துண்டு. அரைத்த இலையை ஊறவைத்து வடிகட்டின சாற்றில், முடி போன்ற குழாயை நனைத்து, அந்தத் தட்டின் அடியில் ஒரு பொட்டு வைப்போம். பக்கத்திலேயே, இன்னதென்று ஏற்கெனவே தெரிந்த பொருளின் பொட்டு ஒன்று. தட்டின் விளிம்பைத் திரவத்தில் நிறுத்தினால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி அது மேலே ஏறும். ஏறும்போது பொட்டில் கலந்திருக்கிற ஒவ்வொன்றையும் ஒவ்வோர் உயரத்தில் இறக்கிவிட்டுப் போகும், பஸ்ஸிலிருந்து ஆள் இறங்குகிற மாதிரி. ஒரே பொருள் எப்போதும் ஒரே நிறுத்தத்தில்தான் இறங்கும். பிறகு ஜன்னலை மூடி அறையை இருட்டாக்கி, நீல விளக்கைப் போட்டால், கண்ணுக்குத் தெரியாததெல்லாம் மினுங்கும். இலையால் எதையும் மறைக்க முடியாது கண்ணு. மனிதர்களுக்கும் அப்படி ஒரு விளக்கு இருந்தால் உனக்கு இவ்வளவு அலைச்சல் இல்லை.

டாக்டரம்மா இரண்டு விஷயத்தில் கறார். ஒன்று, சோதனைக்கு எது வந்தாலும் பாதியைத் தொடாமல் பேர் ஒட்டிக் குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும். நாளைக்கு யாராவது சந்தேகப்பட்டால் மறுபடி பார்க்கலாம். இரண்டாவது, மூட்டைக்கு மூட்டை சோதிக்க வேண்டும். “மூட்டை மாறுனா செடியே மாறிப்போச்சுன்னு வெச்சுக்கோங்க. நேத்து வந்த இலையை நம்பி இன்னிக்கு வந்த இலையைத் தொடாதீங்க,” என்பார். மழை பார்த்த இலை வேறு, தாகத்தில் வளர்ந்த இலை வேறு. தண்ணீர் கிடைக்காத செடி தன் சாரத்தையெல்லாம் இலைக்குள் இறுக்கி வைத்துக்கொள்ளும். இதை ஞாபகம் வைத்துக்கொள். கதையில் மறுபடி வரும்.

இப்போது என் மகள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பேர். நிற்கச் சொன்னால் ஓடுவாள், ஓடாதே என்றால் ஏறுவாள். படித்து, நிலம் அளக்கிற வேலைக்குப் போனாள். வெட்டவெளியில் முக்காலி மேல் கருவியை வைத்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு தூரத்தைப் பார்ப்பது அவள் உத்தியோகம். வீட்டுக்கு வந்தால் செருப்பிலும் பாதத்திலும் ஊரெல்லாம் ஒட்டியிருக்கும். கூட வேலை பார்த்த பையனைக் கட்டிக்கொள்வதாக இருந்தாள். நிலைப்படியில் தலை இடிக்கிற உயரம் அவன். அவள் வைத்த பேர் நெட்டையன். என்னை அத்தை என்று வாய் நிறையக் கூப்பிடுவான்.

அவள் அப்பா எங்கே என்று கேட்பாய். அவள் தவழ்ந்துகொண்டிருந்தபோது வேலைக்கென்று கப்பல் ஏறினார். கொஞ்ச நாளில் உங்களையும் கூட்டிக்கொள்கிறேன் என்றார். சில கடிதங்கள் வந்தன, பிறகு அதுவும் நின்றது. இருக்கிறாரா, போய்ச் சேர்ந்துவிட்டாரா, வேறொரு வீட்டில் விளக்கேற்றிக்கொண்டிருக்கிறாரா, தெரியாது. துறைமுகத்தில் கையை ஆட்டி வழியனுப்பினேன். அந்தக் கையைத்தான் ரொம்ப நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சாயங்காலம் வாலு கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

“அம்மா, கிடைச்சிடுச்சு.”

“என்ன, தொலைச்ச குடையா?”

“வேலைம்மா. கடலுக்கு அந்தப் பக்கம். எனக்கும் கிடைச்சிடுச்சு, நெட்டையனுக்கும் கிடைச்சிடுச்சு.”

“அவனை எப்படி விமானத்துல ஏத்துவாங்க? மடிச்சுத்தான் வைக்கணும்.”

விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் என் தோளில் முகவாயை வைத்துக்கொண்டு சொன்னாள். “கொஞ்ச நாள்தாம்மா. உன்னையும் கூட்டிக்கறேன்.”

அவளுக்குத் தெரியாது, அது அவள் அப்பா சொன்ன அதே சொல் என்று. “கை கழுவிட்டு வா, ஆறிப்போகுது,” என்றேன்.

அந்தச் சமயத்தில் ஆய்வுக்கூடத்தில் ஒரு செடி வந்திருந்தது. இலையின் அடிப்பக்கம் முழுக்க நரைத்த ரோமம், அதனால் சாம்பல் இலை என்று கூப்பிடுவோம். படபடப்புக்கும் ரத்தக் கொதிப்புக்கும் உதவுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள் இருக்கிற சரக்கு நீல விளக்கில் அப்படி ஒரு நிறம் காட்டும், மயில் கழுத்து மாதிரி. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஓயாமல் கம்பியைக் கடித்துக்கொண்டிருந்த எலிகள் அவை. சாம்பல் இலை உள்ளே போனதும் சாதுவாகிவிட்டன. ஒருநாள் கூண்டைத் துடைக்கிறவள் கதவைத் திறந்து போட்டுவிட்டு மறந்துபோனாள். நான் போய்ப் பார்த்தபோது கதவு ஆவென்று திறந்திருக்கிறது, உள்ளே எலிகள் ஒன்றையொன்று அணைத்துக்கொண்டு படுத்திருக்கின்றன. ஒன்றுகூட வெளியே வரவில்லை. வலி இல்லை, பயம் இல்லை. இருக்கிற இடமே போதும் என்று இருந்தன. நான் ரொம்ப நேரம் அங்கேயே நின்றேன்.

வெளிநாட்டு வேலைக்கு உடம்பைச் சோதிப்பார்கள் இல்லையா, அன்று காலை அவளுக்குக் கொஞ்சம் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். சத்துக்கு என்று சொன்னேன். அதில் சாம்பல் இலை கொஞ்சமாகத்தான் போட்டேன். எலிக்கு எவ்வளவு, மனுஷிக்கு எவ்வளவு என்று பார்த்துத்தான் போட்டேன். நான் கண்மூடித்தனமாக எதையும் செய்கிறவள் இல்லை.

“என்னம்மா இது, லேப்ல எலிக்குக் கொடுத்து மிஞ்சினதா?”

“எலி உன்னைவிடச் சமத்துடி. மூஞ்சியைச் சுளிக்காம குடிக்கும்.”

மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவிட்டுப் போனாள். நாடி ரொம்ப மெதுவாக ஓடுகிறது, கொஞ்ச நாள் கழித்து வா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுமுறை போனபோதும் அப்படியே. அந்த இடத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். என் மடியில் தலையை வைத்து அழுதாள். நான் தலையைக் கோதிக்கொண்டே இருந்தேன். நெட்டையனும் போகவில்லை. “அவ இல்லாம நான் மட்டும் போய் எதை அளக்கறது அத்தை,” என்றான். நல்ல பிள்ளை.

வேறிடத்தில் முயற்சி செய்கிறேன் என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்ததால், நானும் காலையில் கஷாயம் வைத்துக்கொண்டே இருந்தேன். சொன்னால் நம்ப மாட்டாய், என் ஆயுளில் அதைப் போலச் சந்தோஷமான காலம் இல்லை. நான் வேலையிலிருந்து வரும்போது அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். கதை கேட்பாள். குழந்தையில்கூட என் கதையை அவள் முழுசாகக் கேட்டதில்லை, பாதியில் ஓடிவிடுவாள். இப்போது கடைசிவரை கேட்டாள். “அப்புறம்?” என்று மெதுவாகக் கேட்பாள். கேட்டுக்கொண்டே தூங்கிப்போவாள். வெளி வேலையை விட்டுவிட்டாள். செருப்பு வாசலில் தூசியில்லாமல் கிடந்தது. அதை நான் துடைத்து வைத்தேன்.

நாளாக நாளாக, தெருமுனைவரை நடந்தாலே அவளுக்கு மூச்சு வாங்கியது. சில வார்த்தைகள் நினைவுக்கு வரவில்லை. “அந்த... மூணு காலோட நிக்குமே, அது பேர் என்னம்மா?” என்றாள் ஒருநாள். முக்காலி என்றேன். “ஆமா, முக்காலி,” என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். “பயமாயிருக்கும்மா.”

“நான் இருக்கேன்ல,” என்றேன். இருந்தேன் கண்ணு. வேலை நேரம் போக ஒரு வேளைகூட அவளை விட்டு நகரவில்லை.

நெட்டையன் சும்மா இருக்கவில்லை. ஒருமுறை அவளைத் தன் அக்கா வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சில நாள் வைத்திருந்தான். திரும்பி வரும்போது அவள் கன்னத்தில் நிறம் இருந்தது. கொஞ்ச நாள் கழித்து, எங்கள் வீட்டில் குடிக்கிற தண்ணீர், காய்ச்சின பால், டம்ளரில் மிஞ்சின கஷாயம், எல்லாவற்றையும் சின்னச் சின்னச் சீசாவில் பிடித்துக்கொண்டு நேரே ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிட்டான்.

“தப்பா நினைக்காதீங்க அத்தை. அக்கா வீட்டுல நல்லாத்தான் இருந்தா. இந்த வீட்டுல ஏதோ ஒண்ணு அவளுக்கு ஒத்துக்கலை. குழாய்த் தண்ணியோ என்னவோ. உங்க கைல கொடுத்துட்டா எனக்கு நிம்மதி.”

டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்தார். “உங்க பொண்ணு விஷயம். வேற யாரையாவது பார்க்கச் சொல்லட்டுமா? பெத்தவ கை நடுங்கும்.”

“என் கை நடுங்காதுங்க,” என்றேன். நடுங்கவும் இல்லை.

எல்லாவற்றையும் முறையாகத்தான் செய்தேன். பாதியை எடுத்துப் பேர் ஒட்டிக் குளிர்பெட்டியில் வைத்தேன். மீதியில் பொட்டு வைத்தேன். இருட்டாக்கி விளக்கைப் போட்டேன். தண்ணீரில் ஒன்றுமில்லை, பாலில் ஒன்றுமில்லை. கஷாயப் பொட்டிலிருந்து மயில் கழுத்து நீலம் ஏறி, தெரிந்த பொட்டுக்குச் சரி பக்கத்தில், அதே நிறுத்தத்தில் இறங்கியிருந்தது. பொய் சொல்லத் தெரியாத நிறம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்தத் தட்டைக் கழுவிவிட்டு, கஷாயத்துக்குப் பதில் வெறும் திரவத்தைப் பொட்டு வைத்து இன்னொரு தட்டு தயார் செய்து, அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். “ஒண்ணுமில்லைங்க, சுத்தமா இருக்கு,” என்றேன். அந்தக் கட்டடத்தில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். நெட்டையன் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னான்.

குளிர்பெட்டியில் வைத்த பாதியை ஏன் எடுத்துக் கொட்டவில்லை என்று கேட்கிறாயா? கொட்டத் தோன்றவில்லை. எடுத்து வைத்ததைக் கொட்டி எனக்குப் பழக்கமில்லை.

அதற்குப் பிறகு மூட்டை தீர்ந்துபோனது. அந்த வருடம் மழை பொய்த்துவிட்டது, புது இலை வரத் தாமதமாகும் என்றார்கள். கஷாயமில்லாத அந்த நாள்களில் வாலு எழுந்துகொண்டாள். முதலில் தெருமுனைவரை போனாள். அப்புறம் கடைத்தெருவரை. ஒருநாள் நான் வீட்டுக்குள் நுழையும்போதே சிரிப்புச் சத்தம், நெட்டையனோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கிறாள். செருப்பில் மண் இருந்தது. என்னைப் பார்த்ததும் ஓடிவந்தாள், நிஜமாகவே ஓடிவந்தாள்.

“அம்மா, உடம்பு சரியாயிடுச்சு. மறுபடி எழுதிப் போடப்போறேன். அங்க இன்னும் ஆள் எடுக்கறாங்களாம்.”

“போடு,” என்றேன்.

மறுநாள் புது மூட்டை வந்தது. அவிழ்த்துப் பரப்பினேன். இலை சின்னதாக, தடித்து, ரோமம் அடர்ந்து, தொட்டால் தோல் மாதிரி இருந்தது. தாகத்தில் வளர்ந்த இலை. பார்த்ததும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தது. சோதிக்காமல் தொடக் கூடாது. ஆனால் நிழலில் உலர்த்தி, அரைத்து, ஊறவைத்து, தட்டு வைத்துப் பார்ப்பதற்குள் அவள் எழுதிப் போட்டுவிடுவாள். வாழ்நாள் முழுக்கப் பொறுமையாக இருந்த நான் அந்த ஒரே ஒரு தடவை அவசரப்பட்டேன். ஒரு பிடியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு போய், வீட்டு அடுப்பின் பக்கத்தில் சூட்டில் உலர்த்தினேன். காலையில், பழைய மூட்டைக்குப் போட்ட அதே அளவைப் போட்டேன்.

அவள் வெளியே கிளம்புகிற உடுப்பில் இருந்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“இன்னிக்கு ரொம்பக் கசக்குதும்மா.”

“கண்ணை மூடிக்கிட்டுக் குடிச்சிடு.”

நான் சொன்னேன் என்பதற்காகக் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி, கடைசிச் சொட்டுவரைக்கும். பிறகு செருப்பு போட உட்கார்ந்தவள் அப்படியே என்மேல் சாய்ந்தாள். தூக்கம் வருதும்மா என்றாள். தூங்கு என்றேன். மூச்சு மெதுவாக, இன்னும் மெதுவாகப் போனது. உதவிக்கு ஆளைக் கூப்பிட்டிருக்கலாம். எழுந்து போனால் அவள் தலை தரையில் படும் என்று பார்த்தேன்.

இதயம் பலவீனம் என்றார்கள் எல்லோரும். டாக்டரம்மா வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அப்புறம் அந்த மூட்டையின் சோதனை முடிவு வந்தது. பழையதைவிடப் பல மடங்கு. வறட்சி அப்படி இறுக்கி வைத்திருந்தது. மெதுவாக நின்றுபோன இதயம், சாம்பல் இலை, எலிகள் என்று அவர் மனதில் ஏதோ கோத்துக்கொண்டிருக்க வேண்டும். குளிர்பெட்டியைத் திறந்து, நான் எடுத்து வைத்த பாதியைத் தானே பொட்டு வைத்துப் பார்த்திருக்கிறார். என்னைக் கூப்பிட்டு இருட்டில் உட்காரவைத்து விளக்கைப் போட்டார்.

“இது என்னன்னு நீங்களே சொல்லுங்க.”

“சாம்பல் இலைங்க.”

“உங்க வீட்டுக் கஷாயத்துல எப்படி வந்துச்சு?”

“நான்தான் போட்டேன்.”

அவர் விளக்கை அணைத்துவிட்டார். ஜன்னலைத் திறக்கவும் இல்லை. இரண்டு பேரும் அந்த இருட்டிலேயே உட்கார்ந்திருந்தோம். அவர் விசும்புகிற சத்தம் மட்டும் கேட்டது.

நெட்டையன் இங்கே என்னைப் பார்க்க வந்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் குனிந்து நின்றான். “ஏன் அத்தை?” என்று மட்டும் கேட்டான். இப்போதும் அத்தை என்றுதான் கூப்பிட்டான், பார். “சாப்பிட்டியாப்பா?” என்று கேட்டேன். அவன் போய்விட்டான்.

அந்த வருடம் ஒரு மழை பெய்திருந்தால் என் மகள் இன்றைக்கும் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். அதை நீ எழுதிக்கொள்ள மாட்டாய், தெரியும். சரி, நீ எழுத வேண்டியதை நானே சொல்கிறேன். என் மகளுக்கு நான் நஞ்சு கொடுத்தேன். தெரிந்து கொடுத்தேன், அளந்து கொடுத்தேன், அவள் பயப்படுகிறாள் என்று தெரிந்தும் கொடுத்தேன். அவளைக் காப்பாற்ற ஒருவன் கொண்டுவந்த சீசாவில் ஒன்றுமில்லை என்று பொய் சொன்னேன். அவள் தேறி எழுந்தபோது மறுபடி கொடுத்தேன். கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டு.

உன் போன் துடிக்கிறது பார், எடு. திரையில் இருப்பது உன் பெண்ணா? கன்னத்தில் குழி விழுகிறதே, வாலுக்கும் அப்படித்தான். என்ன சொல்கிறாள், வெளியூர்ப் பள்ளிக்கூடத்தில் சேர வேண்டுமாமா? இந்த வயதிலேயே கால் தரையில் நிற்கவில்லை. எழுந்து போ, வீட்டில் காத்துக்கொண்டிருப்பாள். இவ்வளவு நேரம் உட்கார்ந்து கடைசிவரை கேட்டாயே, நீ நன்றாக இரு கண்ணு. உன் அடுப்பு அணையாமல் இருக்கட்டும், உன் வீட்டில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கட்டும். உன் குழந்தை உன்னைவிட்டு எங்கேயும் போகாமல், உன் கண்ணுக்கு முன்னாலேயே, உன் மடியிலேயே இருக்கட்டும்.